சேர்த்து எழுதுக, பிரித்து எழுதுக: எஸ்டர்களும் தமிழ்வழி வேதியியலும்



மொழியியல் கற்ற ஒருவர் எஸ்டர்களைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்னும் வினா, அழைப்பிதழைக் கண்ட பலருக்கு எழுந்திருக்கும். நியாயமான வினாவே. நம் நாட்டுத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் அறிவியலைத் தமிழில் கற்கும் வாய்ப்பு ஒரு குழந்தைக்கு உண்டு. 2003 தொடங்கிச் சில ஆண்டுகள் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாறின. இன்றும் இருமொழித் திட்டத்தைத் தேர்ந்துகொண்ட பள்ளிகள் இருக்கின்றன. அவை நீங்கலாகப் பார்த்தால், அமிலம், காரம், ஆவியாதல், உறைதல் ஆகியவற்றைத் தமிழில் அறிந்த குழந்தை, இடைநிலைப் பள்ளிக்குச் சென்றதும் மலாயில் அறிவியலைத் தொடர்கிறது. ஐந்தாம் படிவ வேதியியலில் கார்பன் சேர்மங்களுக்கு நடுவே எஸ்டர் வந்து நிற்கும்போது, அம்மாணவர் தமிழில் அறிவியல் பேசுவதை நிறுத்தி நான்கைந்து ஆண்டுகள் ஆகியிருக்கும்.

அதனால் தேர்வில் மதிப்பெண் குறையும் என்று நான் சொல்லவில்லை. நம் மாணவர்கள் மலாயில் நன்றாகவே எழுதுகிறார்கள். என் கவலை வேறு. வீட்டிலும் தோட்டத்திலும் சமையலறையிலும் தமிழில் அறிந்து வைத்திருக்கும் செய்திகளும், ஆய்வுக்கூடத்தில் கற்கும் செய்திகளும் ஒன்றையொன்று அறியாமல் இருவேறு அறைகளில் வாழத் தொடங்குகின்றன. எஸ்டரை நான் எடுத்துக்கொண்டது இதனால்தான். இவ்விரு அறைகளுக்கும் இடையே இதைப்போல் எளிதாகப் போய்வரும் பொருள் வேதியியலில் அதிகம் இல்லை.

முதலில் பெயர். 1848ஆம் ஆண்டில் லியோபோல்ட் கிமெலின் என்னும் ஜெர்மானிய வேதியியலார் இச்சொல்லைப் படைத்தார். ஜெர்மன் மொழியில் காடிக்கு எஸ்ஸிக் என்று பெயர். காடியிலுள்ள அமிலத்தையும் சாராயத்தையும் கொண்டு ஆக்கிய, எளிதில் ஆவியாகும் நீர்மத்தை எஸ்ஸிக் ஏத்தர் என்றார்கள். அதன் தலையையும் வாலையும் வைத்துக்கொண்டு நடுவைச் சுருக்கினால் எஸ்டர். தஞ்சாவூர் தஞ்சை ஆனதும் கோயம்புத்தூர் கோவை ஆனதும் நமக்குத் தெரியும். அதுபோன்ற மரூஉதான் இதுவும். உலகெங்கும் வேதியியல் நூல்களில் வீற்றிருக்கும் ஒரு கலைச்சொல், பிறப்பால் ஒரு பேச்சுவழக்குச் சுருக்கத்தைப் போன்றது என்பதை மாணவரிடம் சொல்லலாம். கலைச்சொல் என்றாலே அச்சம் கொள்ளும் பழக்கம் சற்றுக் குறையும்.

இனி, எஸ்டர் எப்படி உருவாகிறது? ஓர் அமிலமும் ஓர் ஆல்கஹாலும் சேரும்போது. அசிட்டிக் அமிலத்தையும் எத்தில் ஆல்கஹாலையும் கலந்து, சில துளி அடர் கந்தக அமிலம் விட்டுச் சூடாக்கினால், எத்தில் அசிட்டேட்டும் நீரும் கிடைக்கின்றன. கந்தக அமிலம் இங்கு வினையூக்கி. நகப்பூச்சை அழிக்கும் நீர்மத்தில் வரும் இனிய மணம் பலவேளைகளில் இந்த எத்தில் அசிட்டேட்டுக்குரியது. எமில் பிஷரும் ஆர்தர் ஸ்பையரும் 1895இல் விளக்கிய இம்முறையைத்தான் இன்றும் பள்ளி ஆய்வுக்கூடங்களில் செய்கிறோம்.

இதை நான் தமிழ் மாணவருக்குப் புணர்ச்சி இலக்கணத்தின் வழியாகவே சொல்வேன். மரம் என்பது நிலைமொழி. வேர் என்பது வருமொழி. இரண்டும் சேரும்போது மரம்வேர் என்று நிற்பதில்லை; நிலைமொழியின் ஈற்று மகரம் கெட்டு மரவேர் என்றாகிறது. அமிலத்தை நிலைமொழி என்று கொள்ளுங்கள். அதன் ஈற்றில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி, அதாவது ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த சிறு இணை, இருக்கிறது. ஆல்கஹால் வருமொழியாக வந்து சேரும்போது அந்த ஈறு கெடுகிறது. வருமொழியும் தன்னிடமிருந்து ஒரு ஹைட்ரஜனை விடுகிறது. விடுபட்ட இரண்டும் சேர்ந்து நீராகின்றன.

ஈறு கெடுவது அமிலத்தில்தான், ஆல்கஹாலில் அன்று என்பது எப்படித் தெரியும்? இரண்டிலுமே ஆக்சிஜன் உண்டு. வெளியேறிய நீரிலுள்ள ஆக்சிஜன் யாருடையது என்பது கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியதன்று. 1938இல் ராபர்ட்ஸ், யூரி என்னும் இருவர், வழக்கமான ஆக்சிஜனைவிட எடை மிகுந்த ஆக்சிஜன் ஓரிடத்தானை அடையாளமாக வைத்து, பென்சோயிக் அமிலமும் மெத்தில் ஆல்கஹாலும் சேரும் வினையில் இதைச் சோதித்தார்கள். ஆல்கஹாலின் ஆக்சிஜன் எஸ்டரிலேயே தங்கியது; நீருக்குப் போனது அமிலத்தின் ஆக்சிஜன். நிலைமொழி ஈறுதான் கெடுகிறது என்று இலக்கணம் கூறுவதைப் போன்ற தீர்ப்பு.

ஒப்புமை எங்கே நின்றுவிடுகிறது என்பதையும் ஆசிரியர் சொல்லியாக வேண்டும். இலக்கணத்தில் கெட்ட மகரம் எங்கும் போய்ச் சேர்வதில்லை. வேதியியலில் எதுவும் அப்படி மறைய முடியாது. வெளியேறிய நீர் அங்கேயே கலத்தில் நிற்கிறது. நிற்பதோடு, எஸ்டரை மறுபடியும் அமிலமாகவும் ஆல்கஹாலாகவும் பிரிக்கவும் தொடங்குகிறது. சேர்த்து எழுதுவதும் பிரித்து எழுதுவதும் ஒரே தாளில் ஒரே நேரத்தில் நடக்கின்றன. இதுவே மீள்வினை. பெர்த்தலோவும் பெயான் த சென்ஜீலும் 1862இல் இதை அளந்து பார்த்தார்கள். அசிட்டிக் அமிலத்தையும் எத்தில் ஆல்கஹாலையும் சம மோல் அளவில் எடுத்துக்கொண்டால், ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு எஸ்டரானதும் சமநிலை வந்துவிடுகிறது; எவ்வளவு காத்திருந்தாலும் மேலே போவதில்லை. கூடுதல் எஸ்டர் வேண்டுமானால் உண்டாகும் நீரை அகற்ற வேண்டும், அல்லது அமிலம், ஆல்கஹால் இரண்டில் ஒன்றை மிகுதியாகச் சேர்க்க வேண்டும்.

நீர் எஸ்டரைப் பிரிப்பதைத் தமிழகப் பாடநூல் நீராற்பகுத்தல் என்கிறது. இலங்கை நூல்கள் நீர்ப்பகுப்பு என்கின்றன. இரண்டும் நல்ல சொற்கள். எதனால், என்ன நடக்கிறது என்னும் இரு செய்தியும் சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன. இதற்குச் சான்று தேடி நாம் ஆய்வுக்கூடம் போக வேண்டியதில்லை. இந்நாட்டின் செம்பனைத் தோட்டம் போதும்.

செம்பனை என்னும் சொல்லை இங்கே சற்று நின்று பார்க்க விரும்புகிறேன். தமிழகத்தில் இதன் எண்ணெயைப் பாமாயில் என்று ஆங்கிலப் பெயராலேயே பெரும்பாலும் அழைக்கிறார்கள். இங்கே பழத்தின் நிறத்தைக் கண்டு செம்பனை என்றோம். ரப்பர் மரத்துக்கும் இப்படித்தான்: மலாய்ச் சொல்லிலிருந்து வந்த கித்தா ஒருபுறம் வழங்க, மறுபுறம் பால்மரம் என்றும் பெயர் வைத்தோம். பெயர் வைத்தவர்கள் நாள்தோறும் அம்மரங்களைத் தொட்டு உழைத்தவர்கள். எந்தக் கலைச்சொற்குழுவும் கூடவில்லை. 1917இல் ஆன்றி ஃபோகொன்னியே என்னும் பிரெஞ்சுக்காரர் கோலசிலாங்கூர்ப் பக்கத்தில் வணிக அளவில் முதல் செம்பனைத் தோட்டத்தை உருவாக்கினார். அத்தோட்டத்தின் பெயர் தென்னமரம் என்று ஒலிப்பது தமிழ்க்காதுக்கு வேடிக்கையாக இருக்கும். அவரே பின்னர் மலாயாவைப் பற்றிப் புதினம் எழுதி 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசும் பெற்றார். அது வேறு கதை.

செம்பனை எண்ணெய் முழுவதும் எஸ்டரே. கிளிசரால் என்னும் ஆல்கஹாலுக்கு மூன்று கைகள் உண்டு. ஒவ்வொரு கையும் ஒரு கொழுப்பு அமிலத்தைப் பிடித்திருக்கும். செம்பனை எண்ணெயில் ஏறத்தாழ 44 விழுக்காடு பால்மிட்டிக் அமிலமும் 40 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாக ஒலியிக் அமிலமும் இப்படிப் பிணைந்திருக்கின்றன. பால்மிட்டிக் என்னும் பெயரே பனையிலிருந்து வந்தது. 1840இல் ஃபிரெமி இந்த எண்ணெயிலிருந்துதான் அதைப் பிரித்தெடுத்தார்.

குலையை வெட்டிய பிறகு அதை ஆலைக்கு விரைந்து அனுப்ப வேண்டும், பழம் அடிபடக் கூடாது என்பது தோட்டத்தில் வளர்ந்த எவருக்கும் தெரியும். ஏன்? பழத்தின் சதையிலேயே லிப்பேஸ் என்னும் நொதி இருக்கிறது. பழம் நசுங்கினால் அந்த நொதி எண்ணெயோடு கலந்து, அங்கிருக்கும் ஈரத்தைக் கொண்டே எஸ்டரை உடைக்கிறது. கிளிசராலின் கைகள் ஒவ்வொன்றாக விடுபட, கொழுப்பு அமிலங்கள் தனித்து நிற்கின்றன. எண்ணெய் புளிக்கிறது. கச்சாச் செம்பனை எண்ணெய் வணிகத்தில் இத்தகைய தனி அமிலம் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான வரையறை. அதனால்தான் ஆலையில் நுழைந்தவுடன் குலைகளை அழுத்த நீராவியில் வேகவைக்கிறார்கள். பழம் உதிர்வதற்காக மட்டும் அன்று. அந்த நொதியைச் செயலிழக்கச் செய்வதற்காகவும்தான். உதிரிப்பழம் பொறுக்கிய கைகளுக்கு நீராற்பகுத்தல் என்னும் சொல் தெரிந்திருக்காது. ஆனால் அதன் வேகமும் விளைவும் தெரியும். கூலியில் பிடித்தம் வந்தால் இன்னும் நன்றாகத் தெரியும். அவர்களின் பேரப்பிள்ளை ஐந்தாம் படிவத்தில் ஹிட்ரோலிசிஸ் என்று எழுதி மதிப்பெண் வாங்குகிறது. பாட்டி அறிந்ததும் பிள்ளை எழுதியதும் ஒன்றுதான் என்பதைச் சொல்ல அந்த வகுப்பில் யாரும் இருப்பதில்லை. நான் இரண்டு அறைகள் என்றது இதைத்தான்.

நீருக்குப் பதில் காரத்தைக் கொண்டு எஸ்டரை உடைத்தால் சவர்க்காரம் கிடைக்கும். எண்ணெயோடு சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சேர்த்துக் காய்ச்சும்போது, விடுபடும் கொழுப்பு அமிலம் உடனே சோடியம் உப்பாகிவிடுகிறது. அந்த உப்புதான் சவர்க்காரம். உப்பாகிப் போன அமிலம் ஆல்கஹாலோடு திரும்பச் சேர முடியாது. ஆகவே இது மீள்வினையாக நின்று இழுபடாமல் முடிவுவரை செல்கிறது. கொழுப்பு என்பது கிளிசராலும் அமிலங்களும் சேர்ந்தது என்பதை ஷெவ்ரல் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1823இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். ஆனால் மக்கள் அதற்கு மிக முன்பே சாம்பற்காரத்தைக் கொண்டு சவர்க்காரம் காய்ச்சி வந்தார்கள்.

தமிழகத்தார் சோப்பு என்று சொல்லிவிட்டார்கள். நாமும் இலங்கைத் தமிழரும் சவர்க்காரம் என்பதை இன்னும் வைத்திருக்கிறோம். வடமொழி வழி வந்த சொல்தான், அதனால் என்ன? அதன் ஈற்றில் காரம் இருக்கிறது பாருங்கள். எந்தப் பொருளால் ஆக்கப்படுகிறதோ அதன் பெயர் சொல்லுக்குள் நிற்கிறது. மலாயில் சாபுன் என்னும் சொல் வீட்டில் வழங்கினாலும், பாடநூல் இவ்வினையைச் சாபோனிஃபிகாசி என்கிறது. அதுவும் சவர்க்காரத்துக்கான இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்ததே. என்றாலும் மாணவர் காதில் சாபுன் உடனே ஒலிப்பதில்லை. சவர்க்காரமாக்கல் என்றால் எட்டு வயதுக் குழந்தைக்கும் பாதி விளங்கிவிடும்.

காரம் என்னும் சொல்லில் ஒரு சிக்கலும் உண்டு. தொடக்கப்பள்ளியில் அமிலமும் காரமும் நடத்தும்போது, மிளகாய் காரப்பொருள்தானே என்று கேட்கும் மாணவர் ஆண்டுதோறும் ஒருவராவது இருப்பார். அவரை நகையாடக் கூடாது. நாவில் உறைக்கும் காரமும் லிட்மஸ் தாளை நீலமாக்கும் காரமும் வேறு என்று சொல்லி, வேண்டுமானால் லிட்மஸ் தாளையே மிளகாயின்மேல் வைத்துக் காட்டலாம்.

மணத்துக்கு வருவோம். பிரிக்ஃபீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலையில் பூக்கடைகளைக் கடந்து செல்லும்போது நம்மை நிறுத்தும் மல்லிகை மணத்தில் பெரும்பங்கு பென்சைல் அசிட்டேட்டு என்னும் எஸ்டருக்கு உரியது. வாழைப்பழ மணம் ஐசோ அமைல் அசிட்டேட்டு. தேனீ கொட்டும்போது பிற தேனீக்களை அழைக்க வெளிவிடுவதும் இதே பொருள்தான். தேன்கூட்டின் அருகே வாழைப்பழம் தின்னாதே என்பதில் வேதியியல் இருக்கிறது. அன்னாசி மணத்துக்கு எத்தில் பியூட்டிரேட்டு.

இந்த மூன்றாவதில்தான் எனக்கு மிகுந்த ஆர்வம். பியூட்டிரிக் அமிலம் தனியே இருந்தால் கெட்டுப்போன வெண்ணெயின் வீச்சம். அறையில் இருக்க முடியாது. அதையே எத்தில் ஆல்கஹாலோடு சேர்த்தால் அன்னாசி. பழந்தமிழில் நாற்றம் என்பது நறுமணத்துக்கும் வழங்கிய சொல். இன்று அதைப் பூவுக்குச் சொன்னால் பூக்காரர் சண்டைக்கு வருவார். ஒரே சொல் காலத்தால் இருபொருள் பெற்றதைப் போல், ஒரே அமிலம் துணையால் இருமணம் பெறுகிறது. பெரும்பாலான அமிலங்களைவிட அவற்றின் சிறு எஸ்டர்கள் எளிதில் ஆவியாகி மூக்கை எட்டுவதற்குக் காரணமும் இதே புணர்ச்சிதான். அமில மூலக்கூறுகள் தம் ஹைட்ராக்சில் தொகுதியால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நீர்மத்திலேயே தங்குகின்றன. எஸ்டரில் அந்தப் பிடி கெட்டுவிட்டது. அதனால் எளிதில் பிரிந்து பறக்கிறது.

வேறு பயன்களை விரைந்து சொல்லிவிடுகிறேன். தசைவலிக்குத் தேய்க்கும் தைலங்களின் மணத்தில் மெத்தில் சாலிசிலேட்டு என்னும் எஸ்டர் இருக்கிறது. ஆஸ்பிரினும் ஓர் எஸ்டர். நம் ஈரக்காற்றில் நெடுநாள் திறந்து கிடந்த ஆஸ்பிரின் புட்டியில் காடி வாடை வீசினால், நீராற்பகுத்தல் நடந்துவிட்டது என்று பொருள். அம்மாத்திரையை உண்ணாமல் எறிந்துவிட வேண்டும். கிள்ளான் தெங்கு கெலானா சாலைக் கடைகளில் தொங்கும் பாலியெஸ்டர் சேலைகள் 1941இல் வின்ஃபீல்டும் டிக்சனும் இங்கிலாந்தில் கண்ட நெடுஞ்சங்கிலி எஸ்டரின் வழிவந்தவை. இரு முனையும் அமிலமான மூலக்கூறும் இரு முனையும் ஆல்கஹாலான மூலக்கூறும் அந்தாதித் தொடைபோலக் கோத்துக்கொண்டே போகின்றன. குடிநீர்ப் புட்டியும் அதே பொருள்தான். பாலியெஸ்டர் துணியை ஆலையில் காரக்கரைசலில் அளவோடு நனைத்து மேற்பரப்பை மட்டும் அரித்தெடுத்தால் பட்டுபோன்ற மென்மை வருகிறது. அதுவும் எஸ்டரை உடைக்கும் வினையே.

இப்போது சொற்களுக்குத் திரும்புகிறேன். தமிழில் வேதியியல் எழுதும் முயற்சி புதிதன்று. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீனின் முயற்சியால் 1875இல் கெமிஸ்தம் என்னும் நூல் வெளிவந்தது. 1916இல் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் சேலத்தில் அறிவியல் கலைச்சொற்களுக்கென்று சங்கம் அமைத்தார்கள். 1938இல் சென்னையில் கலைச்சொல் தொகுதி அச்சானது. இலங்கையில் அரசே சொற்றொகுதிகளை வெளியிட்டது. விளைவாக இன்று நம் ஆசிரியர் கையில் இரு மரபுகள்: தமிழகத்தின் எஸ்டர், ஆல்கஹால், இலங்கையின் எசுத்தர், அற்ககோல். எது சரி என்று என்னை அடிக்கடி கேட்கிறார்கள். அயற்சொல்லைத் தமிழ் எழுத்துக்கு ஏற்ப அமைத்துக்கொள்ளத் தொல்காப்பியம் இடம் தருகிறது. ஆகவே எசுத்தர் மரபுக்கு உகந்தது. மாணவர் நாளை மலாயிலும் ஆங்கிலத்திலும் சந்திக்கப்போகும் ஒலிக்கு எஸ்டர் நெருக்கமானது. ஆகவே நான் அதை எழுதுகிறேன். இந்த ஒரு ஸகரத்துக்காகக் கூட்டங்களில் நாம் செலவிட்ட நேரம் போதும் என்பது என் கருத்து.

நேரம் செலவிட வேண்டிய இடம் வினைச்சொல். மொழிகள் பெயர்ச்சொல்லை எளிதாகக் கடன் வாங்கும். வினையை அவ்வளவு எளிதாக வாங்குவதில்லை. போர்த்துக்கேயரிடமிருந்து சாவியும் அலமாரியும் சன்னலும் பெற்றோம். ஆனால் திறக்கிறோம், பூட்டுகிறோம், சாத்துகிறோம் என்பவை நம்முடையவை. வசூலித்தான் போன்ற விதிவிலக்குகள் உண்டு. பொதுவாக, அயல்வினை வந்தால் செய், பண்ணு, ஆக்கு என்று நம் வினையொன்றைத் துணைக்கு நிறுத்துகிறோம். மலாய்மொழியும் எஸ்டர் என்னும் பெயரை வாங்கித் தன் முன்னொட்டையும் பின்னொட்டையும் சேர்த்துப் பெங்எஸ்தெரான் என்று தனதாக்கிக்கொண்டது. சிந்திப்பது வினையில் நடக்கிறது. பொருளுக்கு என்ன ஆகிறது, எது விலகுகிறது, எது தங்குகிறது, எது திரும்புகிறது என்பதைத் தன் மொழி வினையால் சொல்லத் தெரிந்த மாணவர், பிறகு எம்மொழியில் எழுதினாலும் மனப்பாடத்தால் எழுதமாட்டார். ஆகவே எஸ்டர் எஸ்டராகவே இருக்கட்டும். சேர்தல், கெடுதல், பகுத்தல், ஆக்கல், ஊக்குதல் ஆகியவற்றை ஆசிரியர்கள் விட்டுக்கொடுக்க வேண்டாம். தமிழ் வகுப்பிலும் இதற்கு இடம் உண்டு: நான்காம், ஐந்தாம் படிவத் தமிழ் மாணவரிடம் அவர் அந்த வாரம் செய்த ஆய்வு ஒன்றைத் தமிழில் பத்து வரியில் எழுதச் சொல்லலாம். அயற்பெயர்களை அப்படியே வைத்துக்கொள்ளட்டும்; வினைமுற்றுகள் மட்டும் தமிழாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

ஒரு வினைக்கு மட்டும் எனக்கு மனநிறைவான பெயர் இன்னும் அமையவில்லை. செம்பனை எண்ணெயோடு மெத்தில் ஆல்கஹாலைச் சேர்த்து, காரத்தை ஊக்கியாக வைத்தால், கிளிசராலின் மூன்று கைகளிலும் இருந்த அமிலங்கள் அதை விட்டு மெத்தில் ஆல்கஹாலைப் பற்றிக்கொள்கின்றன. கிளிசரால் அடியில் தங்குகிறது. மேலே மெத்தில் எஸ்டர். மலேசிய ஆய்வாளர்கள் 1980களிலேயே வாகனங்களில் சோதித்துப் பார்த்த எரிபொருள் இது. 2019 பிப்ரவரி முதல் இந்நாட்டு வாகன டீசலில் 10 விழுக்காடு கலக்கப்படுவதும் இதுவே. ஆகவே பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்குப் போகும் டீசல் பேருந்திலும் எஸ்டர் எரிகிறது. இவ்வினையை மாற்று எஸ்டராக்கல் என்கிறார்கள். எஸ்டர் முழுவதும் வேறொன்றாகிவிட்டதுபோல அது ஒலிக்கிறது. உண்மையில் நிலைமொழி அப்படியே இருக்க, வருமொழி மட்டும் மாறுகிறது; மரவேர் மரக்கிளை ஆனதுபோல. ஆல்கஹால் பெயர்ப்பு என்று நான் எழுதிப் பார்த்தேன். மொழிபெயர்ப்பு என்பதன் சாயல் அதில் இருப்பது பிடித்தது, சொல்லின் நீளம் பிடிக்கவில்லை. கேள்வி நேரம் இருக்கிறது. இதைவிடக் கச்சிதமான சொல் தோன்றும் மாணவர் எவராயினும் எழுந்து சொல்லுங்கள், நான் குறித்துக்கொள்கிறேன்.